கையா காப்பகம்: செங்குறுமீன் தேடுவோருக்கான மதிப்புரை

குளிர்ந்த, சிறிய சிவப்பு விண்மீன்களாகிய செங்குறுமீன்களைத் தேடவும் அவற்றின் இயல்பை அறியவும் இணையத்தில் கிடைக்கும் சேவைகளில் எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு என் விடை சுருக்கமானது. தொலைவு வேண்டுமானால், கையா விண்கலம் எடுத்த விண்மீன் அளவீடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் கையா காப்பகத்துக்குச் செல்லுங்கள். வெப்பநிலை வேண்டுமானால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை நடத்தும் இந்தக் காப்பகத்தின் மூன்றாம் வெளியீட்டை, அதாவது 2022 ஜூன் 13 அன்று பொதுவில் வைக்கப்பட்ட தரவை, நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். இதற்குக் கட்டணம் கிடையாது. வினவல் அனுப்புவதற்குப் பதிவுகூடக் கட்டாயமில்லை. ஆகவே பணத்துக்கு ஏற்ற பொருளா என்ற கேள்வி இங்கே எழவில்லை. செலவிடப்போவது நம் நேரம்தான். அது எங்கே வீணாகிறது, எங்கே பலமடங்காகத் திரும்பிவருகிறது என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

செங்குறுமீன்கள் சூரியனின் நிறையில் ஏறத்தாழ 8 முதல் 60 விழுக்காடு வரை கொண்டவை. மேற்பரப்பு வெப்பநிலை 4,000 கெல்வினுக்கும் கீழே இருப்பவை. சூரியனைச் சுற்றி 10 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) தொலைவுக்குள் கையாவின் அளவீடுகளைக் கொண்டு எடுக்கப்பட்ட கணக்கின்படி, அங்குள்ள விண்மீன்களில் பத்தில் ஆறு இந்த வகையைச் சேர்ந்தவை. இத்தனை பெரும்பான்மை இருந்தும் அவற்றை வெறுங்கண்ணால் பார்க்க இயலாது. பூமியிலிருந்து பார்க்க மிகப் பொலிவான செங்குறுமீனாகிய லாகாய் 8760 கூட 6.7 என்ற பொலிவெண்ணோடு (எண் கூடக் கூட மீன் மங்கலாகும்) கண்ணின் எல்லைக்குச் சற்று அப்பால் நின்றுவிடுகிறது.

தேடலின் சிக்கல் மங்கலில் மட்டும் இல்லை. படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது அருகிலுள்ள சிறிய மீனாக இருக்கலாம். பல்லாயிரம் மடங்கு ஒளியோடு வெகு தொலைவில் நிற்கும் செம்பெருமீனாக இருக்கலாம். விண்வெளித் தூசு வழியே வந்து சிவந்துபோன வேறொரு சாதாரண மீனாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் வைத்து இந்த மூன்றையும் எல்லா இடங்களிலும் பிரித்துவிட முடியாது. தொலைவு தெரிந்தால் ஒரே வரியில் வழக்கு முடிந்துவிடும். கையா தருவது அந்தத் தொலைவைத்தான், அதுவும் 146 கோடிப் பொருள்களுக்கு.

இது எவ்வளவு பெரிய வசதி என்பது, முன்பு இதே வேலையை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் விளங்கும். 1915-இல் ராபர்ட் இன்னஸ், ஜோகன்னஸ்பர்க் வானாய்வகத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த ஒளிப்படத் தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, இடம் பெயர்ந்திருந்த ஒரு மங்கிய புள்ளியைக் கண்டார். அதுதான் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரி. மறு ஆண்டு எட்வர்ட் பர்னார்டு தம் பெயரால் இன்று வழங்கும் மீனின் வேகமான நகர்வைக் கண்டறிந்தார். பின்னர் வில்லெம் லைட்டன் பல பத்தாண்டுகள் உழைத்து, ஆண்டுக்கு 0.18 விகலைக்கு (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) மேல் நகரும் மீன்கள் 58,000-க்கும் அதிகமாக அடங்கிய பட்டியலை உருவாக்கினார். இந்த முறைகள் அனைத்தும் ஒரே எண்ணத்தின்மேல் நின்றவை: வானில் வேகமாக நகர்வது அநேகமாக அருகில் இருக்கும்.

அநேகமாக என்ற சொல்லில்தான் ஓட்டை இருக்கிறது. நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ நேர்கோட்டில் செல்லும் மீன், எத்தனை வேகமாகச் சென்றாலும், படத்தில் அசையாததுபோலத் தெரியும். சூரியனிலிருந்து இருபது ஒளியாண்டுகளைச் சற்றே தாண்டி நிற்கும் ஷோல்ட்ஸ் விண்மீன் 2013 வரை கணக்கில் வராமல் போனதற்கு இதுவே முதற் காரணம். பால்வழியின் நெரிசலான தளத்துக்கு அருகில் அது இருந்தது இரண்டாவது காரணம். அந்த மீன் ஏறத்தாழ 70,000 ஆண்டுகளுக்கு முன் சூரியனுக்கு ஓர் ஒளியாண்டுக்கும் குறைவான தொலைவில் கடந்து சென்றது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு நெருங்கி வந்து சென்றதாலேயே அது இப்போது நம் கண்ணுக்கு அசையாமல் தோன்றுகிறது. இதற்கு நேர்மாறாக, ஆண்டுக்கு ஐந்து விகலை ஓடும் டீகார்டன் விண்மீன் 12.5 ஒளியாண்டுத் தொலைவில் இருந்தும் 2003-இல்தான் சிக்கியது. அதுவும் சிறுகோள்களைப் பின்தொடர்வதற்காக எடுத்து வைத்திருந்த பழைய படங்களில். நகர்வை நம்பிச் செய்த தேடலுக்கும் இடமாறு தோற்றத்தை, அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் அருகிலுள்ள மீன் இடம் மாறித் தோன்றும் அளவை, நேரடியாக அளக்கும் தேடலுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு மீன்களும் எந்த விளம்பரத்தையும் விட நன்றாகச் சொல்கின்றன.

இனிக் காப்பகத்தின் பயன்பாட்டுக்கு வருகிறேன். எளிய தேடல் பக்கத்தில் ஒரு மீனின் பெயரையோ வானில் அதன் இடத்தைக் குறிக்கும் ஆயங்களையோ கொடுத்தால் போதும். பர்னார்டு விண்மீனைக் கேட்டால் இடமாறு தோற்றம் 546.98 மில்லிவிகலை என்று வருகிறது, பிழை 0.04 மட்டுமே. ஆயிரத்தை அந்த எண்ணால் வகுத்தால் 1.83 பார்செக், அதாவது 5.96 ஒளியாண்டு. வடக்கு நோக்கிய நகர்வு ஆண்டுக்கு 10,362 மில்லிவிகலை. கையாவின் அகன்ற ஒளிப் பட்டையான ஜி-யில் பொலிவெண் 8.2, தொலைவைக் கழித்து, அதாவது 10 பார்செக்கில் வைத்துப் பார்த்தால், உண்மைப் பொலிவெண் 11.9 என்று கிடைக்கிறது. இது செம்பெருமீனாக இருந்திருந்தால் அந்த எண் சுழியை ஒட்டி இருந்திருக்கும். ஒரு நூற்றாண்டுக்கு முன் தட்டுகளோடு மல்லுக்கட்டியவர்கள் மாதக்கணக்கில் தேடிய தீர்ப்பு, இங்கே ஒரு பெருக்கல் வாய்ப்பாட்டின் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

தனி மீனை விட்டுக் கூட்டமாகத் தேட வேண்டுமானால் ஏ.டி.கியூ.எல். என்னும் வினவல் மொழியைக் கற்றாக வேண்டும். தரவுத்தளங்களோடு பழகியவர்களுக்கு இது ஒரு மாலை வேலை. மற்றவர்களுக்குச் சில நாள் பிடிக்கும். காப்பகம் தரும் மாதிரி வினவல்கள் உண்மையிலேயே பயனுள்ளவை. அவற்றில் ஒன்றை எடுத்து எண்களை மாற்றித் தொடங்குவதே நல்லது. இடமாறு தோற்றம் 50 மில்லிவிகலைக்கு மேல், அதன் மதிப்பு பிழையைப்போல் பத்து மடங்குக்கும் மேல், நீல, சிவப்புப் பட்டைப் பொலிவெண்களின் வேறுபாடான நிறக் குறியீடு 1.8-க்கு மேல் என்று மூன்று நிபந்தனைகளை வைத்தாலே 20 பார்செக்குக்குள் இருக்கும் செங்குறுமீன்களின் நல்லதொரு தொகுப்பு கையில் விழும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்குறுமீன்கள் தம் ஒளியில் பெரும்பகுதியை அகச்சிவப்பில் வெளியிடுவதால், கையாவின் வரிகளோடு 2மாஸ் என்னும் அகச்சிவப்பு வான் கணக்கெடுப்பின் ஜே, எச், கே பட்டை அளவீடுகளைப் பொருத்துவது வழக்கம். நான் முதன்முதலில் இரண்டு பட்டியல்களையும் ஆயங்களை மட்டும் வைத்து, இரண்டு விகலைக்குள் இருப்பவற்றைச் சேர்க்கும்படி பொருத்தினேன். பட்டியல் அழகாக வந்தது. ஆனால் எனக்குப் பெயர் தெரிந்த மீன்கள் ஒன்றையும் அதில் காணவில்லை. டிராப்பிஸ்ட்-1 இல்லை, பர்னார்டு இல்லை, பிராக்சிமாவும் இல்லை. காரணம் எளிது. 2மாஸ் வானைப் படம் பிடித்தது 1997 முதல் 2001 வரை. கையாவின் மூன்றாம் வெளியீட்டில் உள்ள ஆயங்கள் 2016-ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு உரியவை. ஆண்டுக்கு ஒரு விகலைக்குச் சற்று மேல் நகரும் டிராப்பிஸ்ட்-1 இந்த இடைவெளியில் குறைந்தது 15 விகலை தள்ளிப் போயிருந்தது. பர்னார்டு இரண்டரைக் கலைக்கும் (ஒரு கலை 60 விகலை) மேல். மிக அருகில் இருப்பவையே மிக அதிகமாக நகர்ந்திருக்கும் என்பதால், நான் போட்ட வடிகட்டி நான் தேடியவற்றையே குறிபார்த்து வெளியே தள்ளியிருந்தது. ஒவ்வொரு மீனையும், அது வானில் ஆண்டுக்கு நகரும் அளவாகிய தனி இயக்கத்தைக் கொண்டு, பழைய ஆண்டுக்குப் பின்னோக்கி நகர்த்திய பிறகே பொருத்த வேண்டும். காப்பகத்திலேயே இதற்கான வினைக்கூறு இருக்கிறது. 2மாஸோடு முன்கூட்டியே பொருத்தி வைத்த அட்டவணையும் அங்கே கிடைக்கிறது. புதியவர்கள் அதிலிருந்து தொடங்குவதே நலம்.

சரியாகப் பொருத்தியபின் கிடைக்கும் பயனை டிராப்பிஸ்ட்-1 மீனைக் கொண்டே காட்டலாம். ஏழு கோள்களால் 2017-இல் புகழ் பெற்ற இந்த மீன், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே 2மாஸ் தரவில் கண்டறியப்பட்டுச் சலிப்பூட்டும் ஓர் ஆய எண்ணைப் பெயராகத் தாங்கி நின்றது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் பட்டையில் அதன் பொலிவெண் 18.8, கே பட்டையில் 10.3. எட்டரைப் பொலிவெண் வேறுபாடு என்பதே அது எவ்வளவு குளிர்ந்தது என்பதற்குச் சான்று. கையா தரும் இடமாறு தோற்றம் 80.2 மில்லிவிகலை; ஆகவே தொலைவு 12.5 பார்செக், கே பட்டையில் உண்மைப் பொலிவெண் 9.8. செங்குறுமீன்களின் நிறைக்கும் இந்தப் பட்டையின் உண்மைப் பொலிவெண்ணுக்கும் உள்ள தொடர்பை இரட்டை மீன்களின் சுற்றுப்பாதைகளிலிருந்து மிகத் துல்லியமாக அளந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு, மூன்று விழுக்காட்டுப் பிழையில் நிறையைச் சொல்லிவிடலாம். டிராப்பிஸ்ட்-1-க்கு அது சூரியனில் ஏறத்தாழ 9 விழுக்காடு. கையாவின் ஓர் எண்ணும் 2மாஸின் ஓர் எண்ணும் சேர்ந்து ஒரு விண்மீனின் நிறையைத் தருகின்றன. இந்த இணையைப் பிரித்து எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

குறைகளைப் பேசுவோம். முதலாவது, நீலப் பட்டை. கையா ஒவ்வொரு மீனின் ஒளியையும் நீலப் பகுதி, சிவப்புப் பகுதி என்று பிரித்து அளந்து பி.பி., ஆர்.பி. என்று இரண்டு பொலிவெண்கள் தருகிறது. மிகக் குளிர்ந்த மீன்கள் நீலப் பகுதியில் ஏறக்குறைய ஒளியே தருவதில்லை. அவ்வளவு மங்கிய நிலையில் அளவீட்டு முறை அந்த ஒளியை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது. விளைவாக, மிகச் சிவந்த மங்கிய மீன்கள் சற்றே நீலமாகி, வரைபடத்தில் தம் இடத்தை விட்டு ஒதுங்கி நிற்கின்றன. இதைக் காப்பகத்தின் ஆவணங்கள் மறைக்கவில்லை. ஆனால் முதல் முறை வருபவர் யாரும் அந்த ஆவணங்களைப் படிப்பதில்லை என்பதும் உண்மை. தீர்வு கையிலேயே இருக்கிறது. மங்கிய மீன்களுக்கு பி.பி. பட்டையை விட்டுவிட்டு ஜி, ஆர்.பி. இரண்டின் வேறுபாட்டை நிறக் குறியீடாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பொய்யான அண்டைவீட்டார். பால்வழித் தளத்தின் நெரிசலில் இரண்டு மூன்று மீன்களின் அளவீடுகள் ஒன்றோடொன்று கலந்து, வெகு தொலைவில் உள்ள மீனுக்குப் பெரிய இடமாறு தோற்றம் வந்துவிடுவதுண்டு. இரண்டாம் வெளியீட்டில் பிராக்சிமாவை விடவும் அருகில் இருப்பதாகக் காட்டிய வரிகள்கூட இருந்தன. மூன்றாம் வெளியீட்டில் நிலைமை மிகவும் மேம்பட்டிருந்தாலும், நெருங்கிய மீன்களுக்கான பட்டியலைத் தயாரித்தவர்கள் இடமாறு தோற்றம் 8 மில்லிவிகலைக்கு மேல் இருந்த 12 லட்சம் வரிகளில் தொடங்கி, பொய்யானவற்றையும் 100 பார்செக்குக்கு அப்பால் இருந்தவற்றையும் நீக்கி, 3,31,312 பொருள்களில் முடித்தார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 100 பார்செக்குக்குள் மட்டும் தேடுபவர் தாமாக வடிகட்டி எழுதுவதைவிட அந்தப் பட்டியலை நேரே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அளவீடுகள் ஒற்றை மீனுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ரூவே என்ற தர எண் 1.4-ஐத் தாண்டினால் அந்த வரியைச் சந்தேகிக்கவும் வேண்டும், உடனே தூக்கி எறியாமல் இருக்கவும் வேண்டும். கண்ணுக்குப் பிரியாத இரட்டை மீன்களும் அந்த எண்ணை உயர்த்தும். செங்குறுமீன்களில் இரட்டைகள் அரிதல்ல.

மூன்றாவது குறையே என் பார்வையில் பெரியது. காப்பகம் வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, உலோகச் செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) ஆகியவற்றுக்கு ஆயத்த நெடுவரிசைகள் தருகிறது. எண் அச்சிட்டு வந்துவிட்டால் நம்பிவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் பொது நோக்கில் கணக்கிடப்பட்ட அந்த வெப்பநிலையில், தூசியால் சிவந்ததும் குளிர்ச்சியால் சிவந்ததும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. உலோகச் செறிவு எண்களோ அளவுதிருத்தம் செய்யாமல் பயன்படுத்தத் தக்கவை அல்ல என்று அவற்றை வெளியிட்டவர்களே சொல்லிவிட்டார்கள். மிகக் குளிர்ந்தவற்றுக்கென்று, அதாவது 2,700 கெல்வினுக்குக் கீழ் உள்ளவற்றுக்கென்று, தனியாக 94,158 பொருள்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதன் வெப்பநிலைகள் ஒப்பீட்டளவில் நம்பத்தக்கவை. இடைப்பட்ட செங்குறுமீன்களுக்கு நிறக் குறியீட்டிலிருந்து நாமே வெப்பநிலையைக் கணிப்பது மேல்.

இயல்பை உறுதி செய்ய இறுதியில் நிறமாலையிடம்தான் போக வேண்டியிருக்கிறது. மூன்றாம் வெளியீட்டில் 22 கோடிப் பொருள்களுக்குக் குறைந்த பிரிதிறன் நிறமாலைகள் உள்ளன. செங்குறுமீன்களின் அடையாளமாகிய டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள் அகலமானவை என்பதால் இந்த நிறமாலைகளிலும் மேடுபள்ளமாகத் தெரிகின்றன. ஆனால் குறுமீனையும் பெருமீனையும் பிரித்துக் காட்டும் 818.3, 819.5 நானோமீட்டர் சோடியக் கோடுகளோ, காந்தச் செயல்பாட்டைச் சொல்லும் 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் உமிழ்வோ இவற்றில் தெளிவாகக் கிடைக்காது. அதற்கு நிறமாலைகளைத் திரட்டி வைத்திருக்கும் ஸ்லோன் வான் கணக்கெடுப்பின் தளம் இருக்கிறது. அதன் ஏழாம் வெளியீட்டிலிருந்து மட்டும் 70,841 செங்குறுமீன்களின் நிறமாலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணால் பார்த்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். கால்சியம் ஹைட்ரைடு பட்டை வலுவாகவும் டைட்டானியம் ஆக்சைடு பட்டை மெலிந்தும் இருந்தால் அது உலோகம் குறைந்த முதிய மீன் என்று கொள்ளலாம். இதை நிறமாலையில் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பிறகு நிறக் குறியீட்டை மட்டும் வைத்து முதுமையைப் பேச மனம் வராது.

இத்தனை குறை சொன்ன பிறகும் நான் ஏன் மறுபடியும் மறுபடியும் இந்தக் காப்பகத்தையே திறக்கிறேன் என்பதற்கு ஒரு படம் போதும். அருகிலுள்ள மீன்களின் நிறத்தைக் கிடை அச்சிலும் உண்மைப் பொலிவெண்ணைச் செங்குத்து அச்சிலும் இட்டு வரைந்தால், முதன்மை வரிசை, அதாவது மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் மீன்களின் வரிசை, ஒரு தடித்த பட்டையாகக் கீழிறங்குகிறது. உண்மைப் பொலிவெண் 10-க்கு அருகில் அந்தப் பட்டையின் குறுக்கே மயிரிழைபோல் ஒரு வெளிறிய கீறல் ஓடுகிறது. முதலில் பார்ப்பவர் திரையில் தூசி என்றுதான் நினைப்பார். 2018-இல் இரண்டாம் வெளியீட்டுத் தரவில் இதைக் கண்டுபிடித்தார்கள். சூரியனின் நிறையில் ஏறத்தாழ 35 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ள மீன்களின் உள்ளே, பானையில் கொதிக்கும் கஞ்சிபோல, மையம் முதல் மேற்பரப்பு வரை வெப்பச்சலனத்தால் எல்லாம் கலங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு மேற்பட்டவற்றில் வெளிப்பகுதி மட்டுமே கலங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மீன்கள் மையத்தில் சேர்ந்த ஹீலியம்-3 அவ்வப்போது வெளிப்பகுதியோடு கலப்பதால் ஒளியில் ஏறி இறங்குகின்றன. ஆகவே அந்தப் பொலிவில் நிலைத்து நிற்பவை குறைவு. மீனின் வயிற்றுக்குள் நடப்பது, வெளியிலிருந்து எடுத்த தொலைவுக் கணக்கில் ஒரு கீறலாக வந்து நிற்கிறது. பழைய பட்டியல்களின் தொலைவுப் பிழையில் இது கண்ணுக்கே தெரிந்திருக்காது. மூன்று நிபந்தனை வினவலும் ஒரு வரைபடக் கருவியும் இருந்தால் இதை எவரும் தம் கணினியில் அரைமணி நேரத்தில் வரைந்துகொள்ளலாம். டாப்கேட் மென்பொருள் இதற்குத் தாராளம்.

துணைச் சேவைகளைப் பற்றிச் சில சொற்கள். ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையத்தின் சிம்பாட் (விண்பொருள்களின் தரவுத்தளம்), விசியெர் (வெளியான பட்டியல்களின் தொகுப்பு) இரண்டும் இல்லாமல் இந்த வேலை ஓடாது. நாம் கண்டதாக நினைக்கும் மீனை வேறு யாராவது ஏற்கெனவே கண்டிருக்கிறார்களா என்று அங்கேதான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கண்டிருப்பார்கள். அதே மையத்தின் அலாடின் கருவியில் 1950-களில் பாலோமர் வானாய்வகம் எடுத்த தட்டின் எண்மப் படியையும் 2மாஸ் படத்தையும் அடுத்தடுத்து வைத்து மாற்றிப் பார்த்தால், பர்னார்டு விண்மீன் முழுநிலவின் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு தூரம் தாவுவதைக் காணலாம். எண்களோடு மட்டும் பழகிச் சலித்தவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். இன்னும் குளிர்ந்து, விண்மீனாக எரியப் போதிய நிறையில்லாத பழுப்புக் குறுமீன்களின் எல்லைக்குப் போக விரும்புவோருக்குக் கையா அதிகம் உதவாது, அங்கே 3.4, 4.6 மைக்ரான் பட்டைகளில் வானைப் பார்த்த வைஸ் செயற்கைக்கோளின் தரவுதான் வழி. டிராப்பிஸ்ட்-1 போன்ற ஒரு மீனைக்கூடக் கையாவால் ஏறத்தாழ 125 பார்செக் வரைதான் பார்க்க இயலும். அதற்கு அப்பால் அது கையாவின் மங்கல் எல்லையான 20.7 பொலிவெண்ணைக் கடந்துவிடுகிறது.

கையா கலம் 2025 ஜனவரி 15 அன்று அறிவியல் அளவீடுகளை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அதை அணைத்துவிட்டார்கள். நான்காம் வெளியீடு 2026 டிசம்பரில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். இப்போதைய வெளியீடு 34 மாத அளவீடுகளைக் கொண்டது. அடுத்தது 66 மாதங்களைக் கொண்டிருக்கும், தனித்தனி அளவீடுகளும் அதில் இடம்பெறும். செங்குறுமீன்களின் இரட்டைத் துணைகளையோ கோள்களால் ஏற்படும் ஊசலாட்டத்தையோ தேடுபவர்கள் அதற்காகக் காத்திருக்கலாம். தொலைவும் நிறையும் போதும் என்பவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாம் வெளியீட்டின் 50 மில்லிவிகலை வினவலை இன்றே அனுப்பி, வந்த பட்டியலை 2மாஸோடு பொருத்தும்போது மட்டும் ஆண்டுக் கணக்கை மறக்காமல் இருந்தால் போதும்.